ஹரிணியை வாய் மூடச் சொன்ன ஞாயிறு

ஹரிணியின் கையை உடைத்தது தேவராஜ் சார்தான்.

ஆட்டத்தில் அவள் பொசிஷன் விட்டு ஓடி வந்ததால் உடைந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். அவர் உடம்பு அவள் மேல் விழுந்தது விபத்து. அதை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால் அவர் அவளிடம் ஒன்று சொன்னார். கை உடைந்தது அதனால்.

போன வாரம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் கேன்டீன் கதைகள் எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தேன், வரவில்லை. கேன்டீன் எங்கேயும் போய்விடாது. இதைத் தள்ளிப்போட முடியாது. பெண்ணின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தேவராஜ் சாரின் பெயரை மாற்றவில்லை.

அந்தக் காலை

ஹெப்பகோடியில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு காலி மனை. ஏதோ கம்பெனி வாங்கிப் போட்டுவிட்டு ஷெட் கட்டாமல் விட்டிருக்கிறது. ஒரு பக்கம் யூகலிப்டஸ் மரங்கள், மறுபக்கம் பூசாத ஹாலோ பிளாக் சுவர். நடுவில் செம்மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு எங்கள் வாலிபால் கோர்ட். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஆட்டம். எல்லோரும் பக்கத்து ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவர்கள். ஆண்கள் பதினைந்து பேர். பெரியவர்களில் பெண் நான் ஒருத்தி. எனக்கு நாற்பத்தெட்டு வயது.

அன்று பனி இறங்கியிருந்தது. பந்து ஈரத்தில் கனத்திருந்தது. காற்றில் மருந்துக் கம்பெனியின் வாடை. இரண்டாவது செட் முடிகிற கட்டம். எங்கள் பக்கத்தில் முன்வரிசை நடுவில் தேவராஜ் சார் நின்றார். அவர்தான் கேப்டன். அவருக்கு நேர் பின்னால் ஹரிணி. பதின்மூன்று வயது. அவளுக்கு இடப்பக்கம் நான்.

எதிர்ப்பக்கம் அடித்த பந்து யாருடைய விரலிலோ பட்டு உயரமாக எழும்பி எங்கள் பக்கம் வந்தது. வேகமே இல்லை. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் சோம்பலாக இறங்கியது.

தேவராஜ் சார் மேலே பார்த்தபடி பின்னால் வந்தார். ஹரிணி மேலே பார்த்தபடி முன்னால் வந்தாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். அவள் வாய் திறந்தது. நான் பார்த்தேன். திறந்தது, சத்தம் வரவில்லை, மூடிக்கொண்டது.

தொண்ணூறு கிலோ ஆள் அவள் மேல் மல்லாந்து விழுந்தார்.

ஈரக் குச்சியை முட்டியில் வைத்து மடக்கினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். பந்து தனியாகத் துள்ளிச் சுவர்ப் பக்கம் போனது. எங்கள் அணியில் மஞ்சு என்று ஒருவன், கன்னடக்காரன், எப்போதும் ஜோக் அடிக்கிறவன். "போச்சு பாயின்ட்" என்றான். அவனுக்கு இன்னும் புரியவில்லை.

ஹரிணி அழவில்லை. "ஸாரி அங்கிள்" என்றாள். இடது கை, முழங்கைக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, "ஸாரி அங்கிள், ஸாரி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் ஏன் அங்கே போனேன்

நான் தனியாள். கல்யாணம் இரண்டு வருடத்தில் முடிந்துபோனதை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அப்பா அம்மா இல்லை. தம்பி கே.ஜி.எஃப்பில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான்.

என் வேலை வார்த்தெடுத்த இரும்புக் கேஸ்டிங்குகளை அளந்து பார்ப்பது. சரியானது இந்தப் பக்கம், தவறானது அந்தப் பக்கம். நாள் முழுக்க இரும்பு, எண்ணெய், வெர்னியர். வாரத்தில் ஆறு நாள் என்னை ஒரு மனிதக் கை தொடுவதில்லை. கம்பெனி பஸ்ஸில் தோளில் இடிப்பதைச் சேர்க்க முடியாது.

வாலிபாலில் ஒரு வழக்கம் உண்டு. பாயின்ட் வந்தாலும் போனாலும் ஆறு பேரும் நடுவில் கூடிக் கையில் கை தட்டுவார்கள். மண் ஒட்டிய, வியர்த்த, காய்ப்பு ஏறிய கைகள். ஒரு காலையில் எத்தனை முறை தட்டுவார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. நான் எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கை கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஆட்டம் அவ்வளவாக வராது. என்னைச் சேர்த்துக்கொண்டதே ஒரு நாள் ஆள் குறைந்ததால். அந்த இடம் போய்விடுமோ என்று ஒவ்வொரு வாரமும் பயந்தேன். என் தப்பு இந்தப் பயத்தில்தான் ஆரம்பிக்கிறது.

குழாயடியில் ஜெயந்தி

நான் இருப்பது ஒரு வட்டாரத்தில், ஒண்டுக்குடித்தன வீடுகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரே கேட்டுக்குள் ஏழு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய். எதிர் வீடு ஜெயந்தி. கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். புருஷன் லாரியில் போகிறவன், வருவதும் போவதும் தெரியாது. அவர்கள் மகள் ஹரிணி. பள்ளிக்கூட வாலிபால் டீமில் இருக்கிறாள். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம்தான் பயிற்சி. அது அவளுக்குப் போதவில்லை. எங்கள் சுவரில் பந்தை அடித்து அடித்து, என் ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு உதிர்ந்துபோனது.

ஒரு நாள் குழாயடியில் ஜெயந்தி கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வெளாட போறீங்க இல்ல. இவளையும் கூட்டிகினு போங்களேன். வூட்ல இருந்தா போனே கதின்னு கெடக்கறா."

"அங்க எல்லாம் பெரிய ஆளுங்கம்மா. ஆம்பளைங்க."

"நீங்க இருக்கீங்க இல்ல. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்."

உள்ளேயிருந்து ஹரிணியின் குரல். "ஆன்ட்டி, நான் உங்கள பாத்துக்கறேன். டென்ஷன் வேணாம்."

"இவ வாயி," என்றாள் ஜெயந்தி. அப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பாக இருந்தது.

தேவராஜ் சாரைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் சரி என்றார். ஒரு காலத்தில் கம்பெனி டீமில் ஆடியவர். இப்போது ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர், அங்கே சேஃப்டி கமிட்டியிலும் இருக்கிறார். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். அவளைப் பார்த்து யாரும் ஸ்மாஷ் அடிக்கக் கூடாது. அவள் கோட்டுக்கு உள்ளே வந்து சர்வீஸ் போடலாம். கெட்ட வார்த்தை கூடாது. நான் கூட்டி வந்து நான்தான் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.

பதினைந்து ஆண்களும் அதைக் கேட்டார்கள். சொந்த மேனேஜர் மூஞ்சியில் ஸ்மாஷ் அடிக்கிற மஞ்சுகூட, அவள் பக்கம் வந்தால் சூடான பாலைக் கை மாற்றுவதுபோலப் பந்தைத் தட்டிக் கொடுப்பான்.

"அங்கிள், இப்படி போட்டா நான் தூங்கிடுவேன்," என்பாள் ஹரிணி. எனக்கும் கிடைத்தது. "ஆன்ட்டி, உங்க சர்வீஸ் கவர்மென்ட் லெட்டர் மாதிரி. வருமா வராதான்னே தெரியல."

நாங்கள் எல்லோரும் வலைக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து வரும் பந்தைப் பற்றித்தான் பயம். வலைக்கு இந்தப் பக்கம், அவளுக்கு இரண்டு எட்டு தள்ளி நிற்கிற உடம்புகளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் பத்து வருடமாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். கோர்ட்டில் பந்து யாருடையது என்று யாரும் குரல் கொடுப்பதில்லை. நடுவில் விழுகிற பந்து தேவராஜ் சாருடையது. அவர் அசைந்தால் நாங்கள் விலகிவிடுவோம். யாரும் சொல்லித் தருவதில்லை. புதிதாக வருகிறவர் இரண்டு இடி வாங்கித் தெரிந்துகொள்வார். பெரிய ஆள் பெரிய ஆளை இடித்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். பதின்மூன்று வயசு எலும்புக்கு அந்தப் பாடம் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்த கதை

ஹரிணிக்குப் பள்ளிக்கூடத்து கோச் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். பந்து உன்னுடையது என்றால் "மைன்" என்று கத்து. விட வேண்டிய பந்து என்றால் "லீவ்" என்று கத்து. தொண்டை கிழியட்டும், பரவாயில்லை. யார் எங்கே போகிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். இதைத்தான் கால் பண்ணுவது என்பார்கள்.

அவள் கத்தினாள். முதல் ஞாயிறு அந்த "மைன்" கேட்டு யூகலிப்டஸ் மரத்துக் காக்கைகள் கிளம்பின. தேவராஜ் சார் திடுக்கிட்டு விலகினார். அவள் பந்தை அழகாக எடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது ஞாயிறு ஒரு நீளப் பந்து வந்தது. தேவராஜ் சார் கையைத் தூக்கிவிட்டார். பின்னாலிருந்து ஹரிணி, "லீவ் அங்கிள், லீவ்" என்று கத்தினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. அவள் சொன்னது சரி. பாயின்ட் எங்களுக்கு.

மஞ்சுவால் சும்மா இருக்க முடியுமா? "சார், ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தாய்த்து. ஹோம்வொர்க் பண்ணிட்டீங்களா?"

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், "தேவராஜு, பெஞ்சு மேல ஏறி நில்லுப்பா," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜ் சாரும் சிரித்தார். தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மெயின் ரோட்டில் தட்டு இட்லி சாப்பிடுவோம். அங்கே அவளைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"ஏம்மா ஹரிணி, நல்லா ஆடற. ஆனா ஒன்னு. இது உங்க ஸ்கூல் கெடையாது. பெரியவங்க ஆடற எடத்துல இப்படி கத்தக்கூடாது. எனக்கு உங்கப்பா வயசு. நடுவுல வர்ற பால நான் பாத்துக்கறேன். நீ கம்முனு உன் எடத்துல நில்லு. சரியா?"

"கோச் சார் கால் பண்ணணும்னு சொல்லியிருக்காரு, அங்கிள்."

"அது அங்க."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் தட்டு. சட்னி ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன்: "சார் சொல்றது கரெக்ட்தான் கண்ணு. பெரியவங்ககிட்ட கத்தக்கூடாது."

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. பந்து வரும்போது வாய் திறக்கும், மூடிக்கொள்ளும். "பொண்ணு இப்ப அடக்கமா ஆடுது" என்று ஒருவர் என்னிடமே பாராட்டினார். அந்த இட்லிக் கடைப் பேச்சிலிருந்து மூன்றாவது ஞாயிறுதான் நான் மேலே எழுதிய காலை.

நிறுத்து என்று யார் சொல்லலாம்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் மேலே ஓடுகிற கிரேன் உண்டு. இரண்டு டன் அச்சைத் தூக்கிக்கொண்டு நம் தலைக்கு மேலே போகும். கீழே நின்று அதற்குக் கை காட்டுகிறவர் ஒருவர்தான். மேலே, கீழே, இடது, வலது எல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். மேனேஜர் வந்து கை காட்டினாலும் கிரேன் ஆபரேட்டர் அசைய மாட்டார்.

ஆனால் "நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தரை கூட்டுகிற அம்மா சொல்லலாம். நேற்றுச் சேர்ந்த டிரெய்னி சொல்லலாம். தப்பாகக்கூடச் சொல்லலாம். சத்தம் கேட்டதும் கிரேன் நிற்க வேண்டும். ஏன் கத்தினாய் என்பதெல்லாம் அப்புறம்.

ஹொசூர் ரோட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்தக் கோர்ட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தேவராஜ் சார் இதைப் புதுப் பையன்களுக்கு வகுப்பாகவே எடுக்கிறார். திங்கள் முதல் சனி வரை டிரெய்னியின் கத்தலுக்கு நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்குழந்தை கத்தினால் மரியாதை போய்விட்டது என்கிறோம்.

கை உடைந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் இதைச் சொன்னேன்.

"அது ஃபேக்டரி மேடம். இது வெளாட்டு," என்றார்.

"உங்க வெயிட் ரெண்டு எடத்துலயும் ஒன்னுதானே சார்?"

அவர் எழுந்து போய் ஹரிணிக்கு ஜூஸ் வாங்கி வந்தார். ஸ்ட்ரா போட்டு அவரே பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஏன் அன்று "கரெக்ட்தான்" என்றேன்? அதற்குக் கே.ஜி.எஃப்புக்குப் போக வேண்டும்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலையில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்தவர்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய சாம்பல் நிறத் தூள் மண்ணில் பந்தாடுவார்கள். நான் எட்டிப்போன பந்தை எடுத்துப் போடுவேன். ஒரு நாள் ஆள் குறைந்தது. "ஸ்டெல்லா, மூலையில வந்து நில்லு. பேசக்கூடாது," என்றார் ஒருவர். நின்றேன். அரை மணி நேரம் ஒரு பந்தும் என்னிடம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நானும் ஆடினேன்" என்று சொன்னேன்.

பேசாமல் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். அதை நான் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படித்தான் நின்றேன், கல்யாணத்திலும் அப்படித்தான். கடைசியில் அதையே ஜெயந்தியின் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன், இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

இரண்டு நீல டிக்

அன்று சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தேவராஜ் சார் எழுதினார்: "சின்னப் பசங்க பொசிஷன் விட்டு ஓடி வந்தால் இப்படித்தான் ஆகும். இனி பதினெட்டு வயசுக்குக் கீழ் யாரையும் கூட்டி வர வேண்டாம்." கீழே வரிசையாகக் கட்டை விரல்கள்.

நான் எழுதினேன்: "சார், அவள் தன் இடத்தில்தான் இருந்தாள். கத்தக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் ஆமாம் என்றேன்."

எல்லோரும் படித்துவிட்டதாக இரண்டு நீல டிக் காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை. அரை மணி நேரம் கழித்து யாரோ ஒரு பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள்.

மஞ்சு மட்டும் தனியாக போன் செய்தான். "மேடம், சும்னே ஏன் கெளப்பறீங்க? ஆனது ஆய்த்து, பிட்பிடி. சார் மனசுல கஷ்டம் இருக்கு." விட்டுவிடச் சொல்கிறான்.

"ஹரிணிக்கு இன்னா இருக்கு மஞ்சு?"

"பாவம் மேடம்," என்றான். "நானும்தான் ஹெட்மிஸ்ட்ரஸ்னு ஓட்டினேன் இல்ல?" வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு போனேன். பன்னிரண்டு பேர் சரியாக இருந்தார்கள். நான் சுவர் ஓரமாக நின்றேன். ஒரு செட் முடிந்தது, இரண்டு செட் முடிந்தது. "மேடம், அடுத்த செட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியதும் வலையைச் சுருட்டினார்கள். அடுத்த வாரம் குரூப்பைத் திறந்தால் நான் அதில் இல்லை.

வட்டாரத்திலும் அப்படித்தான் ஆனது. ஜெயந்தி சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவாள். ஒரு நாள் நானே வழியை மறித்தேன்.

"ஜெயந்தி, எதையாவது சொல்லு. திட்டு."

"உங்கள குத்தம் சொல்லலக்கா," என்றாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்களும் பாவம், தனியா இருக்கறவங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது மிகவும் நீளம். காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஷூவைத் துடைத்து வைக்கிறேன், போட்டுக்கொள்வதில்லை. எங்கள் சுவரில் பந்து அடிக்கிற சத்தமும் இல்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது ஒரு தீர்வா? வேலை தெரியாதவன் செய்கிற தீர்வு அது. கிரேன் இடித்தால் கிரேனையா கழற்றி விற்கிறோம்? இந்த ரோட்டில் எத்தனையோ காலி மனைகளில் இப்படிப் பெரியவர்கள் ஆடுகிறார்கள். அதன் ஓரத்தில் நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகள் வேறு இடம் இல்லாமல் நிற்கிறார்கள். கூப்பிடுங்கள். ஆனால் கூப்பிடும் முன்னால், நடுவில் விழுகிற பந்து யாருடையது என்று வாயால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கத்தினால், சரியோ தப்போ, பக்கத்தில் இருக்கிறவர் அப்படியே நிற்க வேண்டும் என்று முதலில் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னால் நகரும் பழக்கம் உள்ள கனத்த ஆளுக்கு நேர் பின்னால் அவளை நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையைத் தனியாகச் சேர்க்காதீர்கள், இரண்டு பேராக இருந்தால் பேசுவார்கள். ஒரு பெரிய ஆள் அன்று ஆடாமல் வெளியே நின்று அவளை மட்டும் பார்க்கட்டும். அந்த ஆள் கேப்டனுக்குப் பயப்படாதவராக இருக்கட்டும். என்னை மாதிரி ஆள் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில்

போன வாரம் ஹரிணி தானாகவே வந்து என் படியில் உட்கார்ந்தாள். கட்டு முழுக்கத் தோழிகளின் கையெழுத்து, ஒரு பூனைப் படம். அம்மா வேலையில் இருந்தாள்.

"ஆன்ட்டி, கட்டு பிரிச்சதும் டீம் லிஸ்ட் போடறாங்க. எம் பேரு வராதுன்னு நெனைக்கறேன்."

"ஏன்? கை சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரே."

"கை இல்ல. கோச் சார் கேட்டாரு, கால் பண்ணலயான்னு. பண்ணலன்னு சொன்னேன். அவ்ளோ தடவ சொல்லிக் குடுத்தேனே, ஏன் பண்ணலன்னு கேட்டாரு. நான் ஒன்னும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அங்கிள் பேரு கெட்டுடும் இல்ல." கட்டின் ஓரத்தில் பிரிந்த நூலை இழுத்தாள். "கால் பண்ணத் தெரியாத பொண்ண டீம்ல வெச்சா மத்தவங்களுக்கும் அடிபடும்னு சார் சொல்லிட்டாரு. அது கரெக்ட்தான?"

நான் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோச் சின்ன வயதுக்காரர். மரியாதையாக நாற்காலி போட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், தேவராஜ் சார் எனக்கு சீனியர்," என்றார். "அவரே போன் பண்ணாரு. பொண்ணு பொசிஷன் விட்டு வந்துட்டா, சத்தமும் குடுக்கலன்னாரு. நீங்க இப்ப வேற மாதிரி சொல்றீங்க. அவரு கத்தாதன்னு சொன்ன எடத்துலயே நீங்க ஏன் தடுக்கல?"

நானும் ஆமாம் போட்டேன் என்றேன்.

"அவர் வந்து சொல்லட்டும் மேடம், நான்தான் கத்த வேணாம்னு சொன்னேன்னு. அப்ப வேற விஷயம். லிஸ்ட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

திரும்பி வரும்போது தேவராஜ் சாருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நேரில் போனேன். வீட்டில் இல்லை என்றார்கள். செருப்பு வாசலில் இருந்தது.

படியில் உட்கார்ந்த அன்று ஹரிணி போகும்போது இன்னொன்றும் கேட்டாள். "ஆன்ட்டி, கை சரியாகி மறுபடி ஆடினா, பால் நடுவுல வந்தா நான் கத்தணுமா, வேணாமா?" எனக்குத் தெரியும் பதில். ஆனால் ஒரு முறை தப்பாகச் சொன்ன வாயிலிருந்து அதை எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. அவள் பார்வையிலேயே தெரிந்தது.

தேவராஜ் சார், உங்கள் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. நீங்கள்தான் ஒருமுறை என் பெயரை இதில் பார்த்ததாகச் சொன்னீர்கள். வருகிற ஞாயிறு ஆறரைக்கு ஹரிணியையும் ஜெயந்தியையும் நான் கோர்ட்டுக்குக் கூட்டி வருகிறேன். கோச்சையும் வரச் சொல்லியிருக்கிறேன். வலை கட்டும் முன்னால், எல்லோரும் நிற்கும்போது சொல்லுங்கள். அவளைக் கத்த வேண்டாம் என்று சொன்னது நீங்களா, இல்லையா? பக்கத்தில் நின்று ஆமாம் போட்டது நான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். நான் எழுதியது பொய் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

அப்புறம் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கத்தணுமா, வேண்டாமா? எனக்கு போன் செய்ய வேண்டாம், மஞ்சுவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்லுங்கள்.